வீட்டில் விழுந்தால் சிரிப்பு. மலையில் விழுந்தால் ஆஸ்பத்திரி!

செங்குத்தான பனிமலை. உச்சியில் இருந்து ஒரு ஆசாமி, ஒற்றைப் பலகையில் இரண்டு கால்களையும் பூட்டிக்கொண்டு விர்ரென்று பாய்ந்து வருகிறான். மேடு வந்ததும் ஆகாயத்தில் எம்பி பம்பரம் போல சுற்றுகிறான். அடுத்த வினாடி... தடால்! பனியில் குப்புற விழுந்து உருள்கிறான்.

யாரும் ஓடிப்போய் தூக்கவில்லை. ஆம்புலன்சும் வரவில்லை. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கும் பையன், "சே! போச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பட்டனை அமுக்குகிறான். விழுந்தவன் டி.வி. பெட்டிக்குள் இருப்பவன் ஆயிற்றே!

"1080 டிகிரி ஸ்னோபோர்டிங்" என்ற வீடியோ விளையாட்டில் நடக்கும் கூத்து இது. ஜப்பானில் கியோட்டோ நகரைச் சேர்ந்த நிண்டெண்டோ கம்பெனி, தன்னுடைய "நிண்டெண்டோ 64" பெட்டிக்காக இதைத் தயாரித்தது. 1998-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 28-ந்தேதி ஜப்பான் கடைகளில் விற்பனைக்கு வந்தது. "மரியோ" புகழ் மியாமோட்டோதான் தயாரிப்பாளர். ஆனால் இதற்கு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியவர்கள் ஜப்பான்காரர்கள் அல்ல. ஜைல்ஸ் காடர்டு, காலின் ரீடு என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள். மரியோவின் மூக்கைப் பிடித்து ரப்பர் போல இழுக்கலாமே, அந்த குறும்பும் இந்த காடர்டு செய்த வேலைதான்.

அது என்ன 1080?

வட்டம் ஒன்றுக்கு 360 டிகிரி. மூன்று வட்டம் போட்டால் 1080. அதாவது, அந்தரத்தில் 3 தடவை முழுசாகச் சுற்றிவிட்டு கீழே இறங்கவேண்டும். அந்தக் காலத்தில் அது ஆளை அசத்தும் எண். அதையே விளையாட்டுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

கம்பெனி நேரம் பார்த்துத்தான் இறக்கியது. அதே பிப்ரவரியில் ஜப்பானில் நகானோ நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. 22-ந்தேதி முடிந்தது, ஆறே நாளில் விளையாட்டு கடைக்கு வந்துவிட்டது. ஸ்னோபோர்டு பந்தயம் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதும் அங்கேதான், முதல் தடவையாக.

அந்த முதல் தடவையே ரகளை! முதல் தங்கப் பதக்கம் வாங்கிய கனடா வீரர் ராஸ் ரெபாலியாட்டியின் சிறுநீரில் கஞ்சா தடயம் இருப்பதாகச் சொல்லி பதக்கத்தைப் பறித்தார்கள். "நான் குடிக்கவில்லை. விருந்தில் மற்றவர்கள் விட்ட புகை" என்றார் அவர். அப்பீல் போனது. பறித்த பதக்கத்தை சில நாளிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஸ்னோபோர்டு என்ற பெயரையே கேள்விப்படாதவர்கள்கூட இந்த கலாட்டாவில் அதைத் தெரிந்துகொண்டார்கள்.

விரல் வித்தை

சரி, டி.வி.க்கு வருவோம். சும்மா பட்டனைத் தட்டினால் ஆள் குதிப்பான், அவ்வளவுதான். 1080 சுற்றவேண்டுமானால் நடுவில் இருக்கும் குச்சியை வட்டமாகத் திருப்பிக்கொண்டே, மேலே ஒன்று, அடியில் ஒன்று என்று பட்டன்களை வரிசை தவறாமல் அமுக்கவேண்டும். ஆள் அந்தரத்தில் இருக்கும் ஓரிரு வினாடிக்குள் எல்லாம் முடியவேண்டும். கட்டைவிரல் கழன்றுவிடும்.

அதைவிடப் பெரிய கண்டம், இறங்குவது. மற்ற விளையாட்டுகளில் எப்படி விழுந்தாலும் ஆள் பூனை மாதிரி நின்றுவிடுவான். இதில் அந்த பாச்சா பலிக்காது. சரிவு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் பலகையின் மூக்கு இருக்கவேண்டும். கொஞ்சம் கோணினாலும் தடுமாற்றம். நிறைய கோணினால் குப்புற. பந்தயத்தில் அடிபட அடிபட ஒரு அளவுகோல் ஏறிக்கொண்டே போகும். அது நிரம்பிவிட்டால் ஆட்டம் குளோஸ்!

மணிக்கணக்கில் உட்கார்ந்து, நூறு தடவை விழுந்து, நூற்றி ஒன்றாவது தடவை 1080 சுற்றி நின்ற பையன்கள் உண்டு. அத்தனைக்கும் செலவு கொஞ்சம் கரண்டு; அப்புறம் அம்மாவிடம் திட்டு.

கெவினுக்கு நேர்ந்த கதி

நிஜ மலையில் கணக்கு வேறு.

கெவின் பியர்ஸ் என்ற அமெரிக்க வாலிபர் அரைக்குழாய் பந்தயத்தில் பெரிய கில்லாடி. வயது 22. 2009-ம் ஆண்டு டிசம்பர் 31-ந்தேதி, யூட்டா மாநிலத்தில் பார்க் சிட்டி என்ற ஊரில் பயிற்சி செய்தார். வான்கூவர் ஒலிம்பிக்குக்கு ஒன்றரை மாதம்கூட இல்லை. குட்டிக்கரணத்தோடு சேர்த்துச் சுற்றும் புது வித்தை ஒன்றைப் போட்டார். இறங்கும்போது கோணிவிட்டது. தலை பனியில் மோதியது. ஹெல்மெட் போட்டிருந்தும் மூளையில் பலத்த காயம். நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்து எழுந்தபிறகு நடப்பதையே குழந்தை மாதிரி மறுபடியும் பழகவேண்டியிருந்தது. பந்தயத்துக்குத் திரும்ப ரொம்ப ஆசைப்பட்டார். "இன்னொரு அடி பட்டால் தாங்காது" என்று டாக்டர்களும் வீட்டாரும் மன்றாடினார்கள். கடைசியில் விட்டுவிட்டார். 2013-ல் இவருடைய கதை டாகுமெண்டரி படமாகவும் வந்தது.

அவருடைய போட்டியாளர் ஷான் ஒயிட் 2017 அக்டோபரில் நியூசிலாந்தில் பயிற்சி செய்தபோது முகத்தில் அடிபட்டு விழுந்தார். 62 தையல்! அவர் போட்டது 1440, அதாவது 4 சுற்று. நாலே மாதத்தில், 2018 பிப்ரவரியில் தென்கொரியாவுக்குப் போய் அதே 1440-ஐ அடுத்தடுத்து இரண்டு தடவை சுற்றி தங்கம் வாங்கினார். அதே ஒலிம்பிக்கில் 17 வயது பெண் குளோயி கிம் அடுத்தடுத்து இரண்டு 1080 போட்டு தங்கம் தட்டினார். பந்தயத்தில் ஒரு பெண் முதன்முதலாக 1080 சுற்றியதே 2011-ல்தான். அவர் கெல்லி கிளார்க்.

ஏறிக்கொண்டே போகிறது

டி.வி. விளையாட்டைப் பார்த்துத்தான் இவர்கள் கெட்டார்கள் என்று சொன்னால் அது அபாண்டம். ஒருவன் மூன்று சுற்றினால் அடுத்தவன் நாலு சுற்றவேண்டும். இல்லாவிட்டால் நடுவர் மார்க் போடமாட்டார். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் ஆஸ்பென் மலையில் ஜப்பான் வாலிபர் ஹிரோட்டோ ஒகிவாரா 2340 டிகிரி சுற்றி இறங்கினார். ஆறரை சுற்று! பந்தயத்தில் அதற்கு முன்பு யாரும் செய்ததில்லை.

விளையாட்டு மட்டும் 1080-லேயே நிற்கிறது. 2023 டிசம்பரில் நிண்டெண்டோ அதை "ஸ்விட்ச்" பெட்டியில் சந்தா கட்டுபவர்களுக்காக மறுபடியும் இறக்கியது. பழைய 64 பெட்டியை இன்னும் பரணில் வைத்திருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. அந்த நடுக்குச்சி திருப்பித் திருப்பி தேய்ந்து, பல வீடுகளில் லொடலொடவென்று ஆடுகிறது. அதை வைத்துக்கொண்டு நேராக ஓட்டுவதே கஷ்டம். 3 சுற்று எங்கே சுற்றுவது?