பொன்னாடை இல்லாத கருத்தரங்கம்

நம் கலைக்கல்லூரிகளில் 'ஒருநாள் கருத்தரங்கம்' எப்படி நடக்கும் என்பது ஊரறிந்த விஷயம். வாசலில் ஃப்ளெக்ஸ், மேடையில் குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடிக்கும்போது மணி பன்னிரண்டு. அவருக்குப் பொன்னாடையும் நினைவுப் பரிசும். மாணவர்களுக்கு ஓ.டி., சாப்பாட்டு டோக்கன், சர்டிபிகேட். கல்லூரியைத் தரம் பார்க்க நாக் கமிட்டி வந்தால் காட்டுவதற்குப் புகைப்படம் ஒட்டிய ஒரு கோப்பு. தலைப்பு 'இந்தியக் கூட்டாட்சியின் சவால்கள்' என்று இருந்திருக்கும். கூட்டாட்சி பற்றி எந்த மாணவராவது ஒரு கேள்வி கேட்டாரா என்பதற்கு மட்டும் கோப்பில் இடம் கிடையாது.

அரசியல் அறிவியலுக்கென்று தனித் துறையே இல்லாத கல்லூரிகள் தமிழ்நாட்டில் பல. பெரும்பாலும் வரலாற்றுத் துறைதான் அதையும் சேர்த்துச் சுமக்கிறது. ஆனால் மாணவர்களைக் கேள்வி கேட்க வைக்கப் பெரிய மாநாடு எதுவும் தேவையில்லை. முப்பது மாணவர்கள், ஒன்றரை மணி நேரம், ஒரே ஒரு கேள்வி இருந்தால் போதும். திருவண்ணாமலை மாதிரி ஒரு ஊரில் அந்தக் கேள்விக்காக டெல்லிவரை போகவும் வேண்டாம்.

அந்த ஊர்ப் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்ளலாம். 2002-ல் இந்தியத் தொல்லியல் துறை அண்ணாமலையார் கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னம் என்று அறிவித்துத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள முனைந்தது. ஊரே எதிர்த்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது; கோயில் பழையபடி இந்து சமய அறநிலையத் துறையிடமே இருக்கிறது. இன்று கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

மாணவர்களை நான்கு குழுவாகப் பிரித்துவிடுங்கள்: மத்திய அரசு, மாநில அரசு, மாட வீதிக் கடைக்காரர்கள், பக்தர்கள். ஒவ்வொரு குழு கையிலும் அரசமைப்பின் ஏழாவது அட்டவணை. மத்திய அரசுக் குழு ஒன்றியப் பட்டியலின் 67-வது இனத்தைக் காட்டும்: தேசிய முக்கியத்துவம் உடையவை என்று நாடாளுமன்றச் சட்டத்தாலோ அதன்கீழோ அறிவிக்கப்படும் சின்னங்கள் மத்திய அரசின் பொறுப்பு. மாநிலக் குழு பொதுப் பட்டியலின் 28-வது இனத்தைப் புரட்டும்: சமய அறநிலையங்கள் இரு அரசுகளுக்கும் பொது, 1959-ன் அறநிலையத் துறைச் சட்டம் மாநிலச் சட்டமன்றம் இயற்றியது. பிறகு யாராவது மாநிலப் பட்டியலின் 12-வது இனத்தைக் கண்டுபிடிப்பார்கள். பழஞ்சின்னங்கள் அங்கேயும் வருகின்றன, 'தேசிய முக்கியத்துவம் உடையவை நீங்கலாக' என்ற வாலோடு. சண்டை அங்கிருந்துதான் சூடுபிடிக்கும். எது தேசிய முக்கியத்துவம், அதை யார் முடிவு செய்வது?

கடைக்காரர் குழுவுக்கு இந்தப் பட்டியலெல்லாம் இரண்டாம்பட்சம். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் கட்டடம் கட்டத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்று 1992-லேயே மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டிருந்தது. மதிலிலிருந்து 100 மீட்டர் அளந்தால் எந்தெந்தக் கடையும் வீடும் அதற்குள் விழும் என்று மாணவர்களே நடந்து அளந்து வரட்டும். கூட்டாட்சி என்பது ஒரு மளிகைக் கடையின் மாடிப்படி வரை வரும் சமாச்சாரம் என்று புரியும். கடைசியில் ஆசிரியர் எழுந்து தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது ரொம்ப முக்கியம்.

இளையோர் நாடாளுமன்றம் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 1962-ல் பம்பாயில் நடந்த அகில இந்தியக் கொறடாக்கள் மாநாட்டின் பரிந்துரை அது. 1966-67-ல் டெல்லிப் பள்ளிகளில் போட்டியாகத் தொடங்கி, 1997-98-ல் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் வந்தது. நல்ல வடிவம்தான். கேள்வி நேரம், துணைக் கேள்வி, கவன ஈர்ப்பு, மசோதா எல்லாம் உண்டு. ஆனால் பல இடங்களில் அது நாடகமாகவே முடிகிறது. கேள்வியையும் பதிலையும் ஆசிரியரே எழுதிக் கொடுக்க, எதிர்க்கட்சித் தலைவர் மனப்பாடமாகக் கோபப்படுகிறார். இதைத் திருத்த ஒரே ஒரு விதி போதும். துணைக் கேள்விகளை யாரும் முன்கூட்டி எழுதக் கூடாது. அமைச்சராக நடிப்பவர் தடுமாறினால் தடுமாறட்டும். மாதிரி ஐ.நா. சபை என்று கோட்டு மாட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ ஒரு நாட்டுக்காக வாதாடும் நிகழ்ச்சிகள் பெருநகரங்களில் அமர்க்களப்படுகின்றன. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் செங்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் டவுன் பஸ் பிடித்து வரும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது அதைவிடப் பக்கத்தில் இருக்கிறது.

கிராம சபையைத்தான் சொல்கிறேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் இருந்த கிராம சபைக் கூட்டத்தோடு, 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் அரசு சேர்த்தது. முதல் நான்கும் விடுமுறை நாட்கள். மாணவர் ஊரில்தான் இருப்பார். 18 வயது நிரம்பி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் அவர் வேடிக்கை பார்க்க வந்தவர் அல்ல, உறுப்பினர். எந்த மாதிரி நாடாளுமன்றமும் தர முடியாத தகுதி இது. இங்கே நடிக்க வேண்டியதே இல்லை.

அவரிடம் நான்கு வேலைகள் கொடுத்து அனுப்பலாம். வந்தவர்களை எண்ண வேண்டும்: 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைவெண் 100, உண்மையில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், தீர்மானப் புத்தகத்தில் எத்தனை கையெழுத்து? வரவு செலவு வாசிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பெண்கள் பேசினார்களா, எதைப் பற்றிப் பேசினார்கள் என்று குறிக்க வேண்டும். முடிந்தால் தானும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். மறுநாள் வகுப்பில் இருபது ஊராட்சிகளின் குறிப்புகளை அருகருகே வைத்தால் ஊராட்சிகளுக்கான 73-வது அரசமைப்புத் திருத்தம் பற்றிய மூன்று மணி நேர உரையை மிச்சப்படுத்தலாம். ஜவ்வாது மலையிலிருந்து வரும் மாணவர் இருந்தால் இன்னும் நல்லது. 2006-ன் வன உரிமைச் சட்டத்தின்படி நில உரிமைக் கோரிக்கையை முதலில் பரிசீலிப்பது கிராம சபைதான் என்பதை அவர் சொல்லி மற்றவர்கள் கேட்கட்டும். டவுன் பிள்ளைகளையும் விடவேண்டாம். நகர்ப்புறத்துக்குப் பகுதி சபை இருக்கிறது. திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது.

இன்னொரு கேள்வியும் தானாகவே முளைக்கும். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தலைவர் இல்லாத ஊரில் தீர்மானத்துக்கு யார் பதில் சொல்வது? இதைக் கேட்கத் தெரிந்த மாணவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு முதல் மதிப்பெண் போடுவேன்.

'கல்லூரியில் அரசியல் பேசக் கூடாது' என்ற பயம் நிர்வாகங்களுக்கு உண்டு. அரசியல் அறிவியலை அரசியல் பேசாமல் நடத்தும் வித்தையை நம்மவர்கள்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். பயப்படுகிறவர்கள் நீதிமன்றத் தீர்ப்புகளைக் கையில் எடுக்கலாம். இந்த மாவட்டத்தையும் ஊடறுத்துப் போக இருந்த 277 கிலோமீட்டர் சேலம் – சென்னை எட்டு வழிச்சாலைக்கான நில எடுப்பை 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. நில எடுப்பு அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்றது. ஆனால் வருவாய்ப் பதிவேடுகளில் அவசரமாகச் செய்த மாற்றங்களைப் பழையபடி திருத்தச் சொன்ன பகுதியை மட்டும் அப்படியே விட்டுவைத்தது. இரண்டு தீர்ப்புகளையும் ஆளுக்குப் பத்துப் பக்கம் படித்து வந்து பேசினால் எந்தக் கட்சியின் பெயரையும் எடுக்க வேண்டியதில்லை.

கட்சிகளின் பெயரை எடுத்தால்தான் என்ன? 1957-ல் முதன்முறையாகத் தேர்தலில் நின்ற தி.மு.க. மக்களவைக்கு அனுப்பிய இருவரில் ஒருவர் திருவண்ணாமலையில் வென்ற தர்மலிங்கம். மற்றவர் நாமக்கல்லில் வென்ற ஈ.வெ.கி. சம்பத். 1963-ல் இதே திருவண்ணாமலைச் சட்டமன்ற இடைத்தேர்தலில் தி.மு.க.வின் ப.உ. சண்முகம் வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் காமராஜர் முதல்வர் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குப் போனார். அந்தத் தேர்தல்களில் வாக்களித்தவர்களுக்கு இன்று எண்பது வயதுக்கு மேல். அவர்களிடம் போய் உட்கார்ந்து செல்போனில் பதிவு செய்துகொள்வது இன்னும் சில ஆண்டுகளுக்குத்தான் சாத்தியம்.

இதற்கெல்லாம் செலவு என்று பார்த்தால் ஜெராக்ஸ் காசும் டீயும்தான். அடுத்த கருத்தரங்கத்துக்கு நிதி கேட்டு எழுதப்போகும் பேராசிரியர்களே, பொன்னாடைக்கு ஒதுக்கும் தொகையில் அரசமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் பதிப்புகள் சிலவற்றை வாங்கித் துறை நூலகத்தில் வையுங்கள். ஏழாவது அட்டவணைப் பக்கம் அழுக்காகும் வரை பிள்ளைகள் புரட்டட்டும்.