இரண்டு மூக்குப் பொம்மை

டிசெம்பர் லீவில் மாமாவோ சித்தியோ வீட்டுக்கு வந்தால், சின்ன வயதில் டிவியில் பார்த்த பொம்மைப் படங்களைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். கதையைவிட அண்டெனாவைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். அக்கரப்பத்தனைத் தோட்டங்களில் அப்போது லயத்துக்கு ஒரு டிவி இருந்தாலே பெரிய விஷயம். ஒருவர் வெளியே நின்று கம்பத்தைத் திருப்ப, உள்ளேயிருந்து பிள்ளைகள், "வந்துருச்சி... ஐயோ, போயிருச்சி!" என்று கத்துவார்கள். அப்படி வந்த பொம்மைக்கும் சில நேரம் இரண்டு தலை இருக்கும்!

பொம்மைப் படங்களில் பேர்போனது, சிவப்பு மூக்குக் கலைமான் ருடால்ஃபின் நத்தார் கதை. 1964 டிசெம்பர் 6 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முதலாக வந்தது. அங்கே பாட்டிமாரும் பேரப்பிள்ளைகளும் இன்றும் வருடா வருடம் பார்க்கிறார்கள். பொம்மைகளை அசைத்துப் படம்பிடித்ததோ ஜப்பானில், ததாஹிதோ மொச்சினாகாவின் குழு. நூலும் இல்லை, உள்ளே கையும் இல்லை. பொம்மையின் காலைத் துளி நகர்த்தி ஒரு படம். மறுபடி துளி நகர்த்தி இன்னொரு படம். செக்கனுக்கு 24 படம் ஓடும்போது நம் மூளை அவற்றைக் கோத்து, மான் நடக்கிறது என்று நம்பிவிடுகிறது. ஹோர்ட்டன் சமவெளி மரை இதைவிட அழகாக நடக்கும் என்பது என் கட்சி. ஆனால் பொம்மையின் அந்த வெட்டு வெட்டான நடைதான் பெரியவர்களுக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது.

சரி, இரண்டாவது தலை? அது மலையின் வேலை.

1982 இல் ரூபவாஹினி தொடங்கியது. அதன் முக்கிய ஒளிபரப்புக் கோபுரம், நாட்டிலேயே உயரமான பீதுருதாலகால மலையில். நமக்குப் பக்கம்தான். ஆனால் டிவி அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். குறுக்கே மலை நின்றால் தடைபடும். வேறொரு மலையில் பட்டுத் திரும்பியும் வரும். நேராக வந்த அலை ஒரு பொம்மையை வரையும். சுற்றி வந்த அலை பிந்தி வந்து இன்னொன்றை வரையும்.

எவ்வளவு பிந்தி? பழைய டிவி, படத்தை இடமிருந்து வலமாகக் கோடு கோடாக வரையும். ஒரு செக்கனைப் பத்து இலட்சம் துண்டாக்கினால், திரையில் ஒரு கோட்டுக்கு அதில் 52 துண்டு நேரம். அலை 1.5 கிலோமீற்றர் கூடுதலாகச் சுற்றினால் 5 துண்டு தாமதம். அதற்குள், 28 சென்ரிமீற்றர் அகலத் திரையில் கோடு ஏறத்தாழ 2.7 சென்ரிமீற்றர் வலப்பக்கம் ஓடியிருக்கும். அங்கேதான் மங்கலாக இரண்டாவது மூக்கு முளைக்கும். கம்பத்தைத் திருப்பியது, பிந்தி வரும் அலைக்கு அண்டெனாவின் முதுகைக் காட்டத்தான்.

இப்போதைய டிஷ், ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்துச் செய்மதியிலிருந்து டிஜிட்டல் அலையை வாங்குகிறது. அதில் இந்த இரட்டைப் பொம்மை வராது.

ஆனால் மலையின் அதே வேலையை உங்கள் குரலில் பிடிக்கலாம். எதிர்மலையைப் பார்த்துக் கூவுங்கள். எதிரொலி எத்தனை செக்கனில் வருகிறதென்று எண்ணுங்கள். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். போக ஒரு பாதி, வர ஒரு பாதி. ஆக, 2 செக்கன் ஆனால் மலை 340 மீற்றர் தொலைவில். பக்கத்து டிவிஷனிலிருந்து யாராவது பதிலுக்குக் கூவினால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்!