ஏ4 தாளின் கணக்கு

ஜெராக்ஸ் கடையில் நாம் கேட்டு வாங்கும் ஏ4 தாளின் அளவு 210 × 297 மில்லிமீட்டர். 300 என்று முழுசாக வைத்திருக்கக் கூடாதா என்று அன்பர்கள் பலர் கேட்பதுண்டு.

விடை ஏ0 என்ற தாய்த் தாளில் இருக்கிறது. அதன் பரப்பு ஒரு சதுர மீட்டர். பக்கங்கள் 841, 1189 மி.மீ. நீளத்தைப் பாதியாக்கினால் ஏ1. அதில் பாதி ஏ2. இப்படி நான்கு முறை பாதியாக்கினால் நம் ஏ4. பாதியாக்கும்போது வரும் அரை மில்லிமீட்டரைத் தள்ளிவிட வேண்டும் என்பது விதி.

எந்தத் தாளையும் பாதியாக்கலாம், அதில் என்ன அதிசயம்? 2 அடிக்கு 3 அடி தாள் ஒன்றைப் பாதியாக மடித்துப் பாருங்கள். 1½க்கு 2 என்று சற்றே குட்டையாகிவிடும்; உருவம் மாறிவிட்டது. நீளம் அகலத்தைப் போல 1.414 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம், இருந்தால் மட்டுமே பாதியும் முழுசும் ஒரே உருவமாக இருக்கும். இதை லிக்டன்பெர்க் என்ற ஜெர்மானிய அறிஞர் 1786-லேயே ஒரு கடிதத்தில் எழுதிவிட்டார். போர்ஸ்ட்மான் என்பவரின் முயற்சியால் 1922-ல் ஜெர்மனியின் தர அளவாகி, 1975-ல் ஐ.எஸ்.ஓ. 216 என்று உலகத்துக்கே பொதுவாயிற்று.

இதன் அருமை டிராயிங் ஆபீசில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஏ1 தாளில் 1:50 அளவில் வரைந்த பாலத்தை ஏ3-க்குச் சுருக்கினால் கச்சிதமாக 1:100. மை பேனாக்களும் 0.25, 0.35, 0.5, 0.7 என்று அதே 1.4 மடங்கில்தான் வரும். ஏ1-ல் போட்ட 0.5 கோடு ஏ2-வில் 0.35 ஆகிவிடும், திருத்தம் போட அதற்கென்றே பேனா தயார்! ஜெராக்ஸ் மெஷினில் 71, 141 சதவீதம் என்று பொத்தான்கள் இருப்பதும் இதனால்தான்.

இந்தக் குடும்பத்தில் சேராதது லீகல் தாள். 8½ × 14 அங்குலம். ஏ4-ஐவிட ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் நீளம். நம் சங்கத்து மூத்த அம்மையார் ஒருவர் குடும்பப் பென்ஷன் மனுவை லீகல் தாளில் டைப் செய்து கொடுத்தார். வாங்கிய அலுவலகத்தில் அதை ஏ4-ல் நகலெடுத்து மேலே அனுப்பினார்கள். அடியில் இருந்த கையெழுத்து நகலில் விழவில்லை. "கையொப்பம் இல்லை" என்று மனு திரும்பி வர நான்கு மாதம். 83 சதவீதத்துக்குச் சுருக்கியிருந்தால் முழுசும் அடங்கியிருக்கும். அந்த நான்கு மாதம் அவர் வீட்டு வாடகைக்குப் பட்ட பாட்டை யார் கணக்கில் எழுதுவது? உச்ச நீதிமன்றமே 2020-ல் ஏ4 தாளுக்கு மாறிவிட்டது. மனு எழுதுவோர் ஏ4-லேயே எழுதுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் படிவங்களிலும் கவனம் தேவை. அவர்களுடைய லெட்டர் தாள் 216 × 279. நம்முடையதைவிடக் குட்டை, 6 மி.மீ. அகலம் கூடுதல்.

இன்னொரு சௌகரியம், எடை. கட்டின் மேல் 80 ஜி.எஸ்.எம். என்று போட்டிருந்தால் ஒரு சதுர மீட்டர் 80 கிராம். ஏ0-வில் பதினாறு ஏ4. ஆகவே ஒரு தாள் 5 கிராம், 500 தாள் கட்டு இரண்டரை கிலோ. 75 என்றால் 2 கிலோ 340 கிராம் சுமார். கடைக்காரர் 80 என்று சொல்லி 75-ஐக் கொடுத்தால் சமையலறைத் தராசே காட்டிக்கொடுத்துவிடும்.