பதிவேட்டில் ஒரு பெயர்

இந்தியத் தரைப்படையில் சேரும் ஒவ்வொரு வீரருக்கும் பணிப்பதிவேடு ஒன்று தொடங்கப்படுகிறது. பிறந்த நாள், சொந்த ஊர், பெற்றோர் பெயர், பின்னர் மனைவி மக்கள் பெயர் ஆகியன அதில் இடம்பெறும். வீரர் எந்த எல்லையில் பணியாற்றினாலும் அவருடைய படைப்பிரிவின் ஆவண அலுவலகமே அதனைப் பேணும். கார்வால் ரைபிள்ஸ் பிரிவுக்கு லான்ஸ்டவுனிலும், குமாவுன் பிரிவுக்கு ராணிகேத்திலும், மதராஸ் பிரிவுக்கு வெலிங்டனிலும் அவ்வலுவலகம் உள்ளது.

ஓய்வுபெற்ற வீரர் பதிவேட்டைத் திருத்தக் கோருவது பல வேளைகளில் தம்பொருட்டன்று, மனைவியின் பொருட்டே. பதிவேட்டில் ‘விம்லா’ என்றிருக்கும்; ஆதார் அட்டையிலோ ‘விமலா தேவி’ என்றிருக்கும். வீரர் வாழும்வரை இவ்வேறுபாடு எவர் கண்ணிலும் படுவதில்லை. அவர் மறைந்தபின் குடும்ப ஓய்வூதியம் கோரும்போதுதான், இரு பெயர்களும் தம்முடையனவே என அப்பெண் மெய்ப்பிக்க நேரிடுகிறது. அதனை ஒரு கையொப்பத்தால் உறுதிசெய்யக் கூடியவர் அப்போது இல்லை. மலையூர்களில் வாழும் முதிய பெண்களுக்கு அலுவலகம்தோறும் அலைவது எளிதும் அன்று.

எனவே வீரர் தாமே விண்ணப்பம் எழுதி, பிரமாணப் பத்திரமும் அடையாளச் சான்றுகளும் இணைத்து, ஆவண அலுவலகத்துக்கு அனுப்புகிறார். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இதற்கு உதவுகிறது. திருத்தம் ஏற்கப்பட்டால், பிரயாக்ராஜிலுள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகம் ஓய்வூதிய ஆணையையும் திருத்தி வெளியிடும்.

பிறந்த நாள் மட்டும் இதற்குப் புறம்பானது. சேர்ந்த நாளில் பதிந்ததை ஓய்வுக்குப்பின் மாற்றப் பொதுவாக இசைவதில்லை. சேரும் தகுதியும் ஓய்வுக்காலமும் அந்நாளைக் கொண்டே கணக்கிடப்பட்டவை அல்லவா?