சந்தையிலிருந்து மலைக்கு!

ஒட்டன்சத்திரம் என்றதும் உங்களுக்குக் காய்கறிச் சந்தைதானே ஞாபகத்துக்கு வரும்? தக்காளிக் கூடைகளை விட்டுச் சற்றே தெற்கே திரும்பிப் பாருங்கள். நீலமாக நிற்கிறதே, அதுதான் பழனி மலைத் தொடர்!

கொடைக்கானல் போகிறவர்களில் பலர் வத்தலக்குண்டு வழியாக ஏறுவார்கள். நீங்கள் ஒரு மாறுதலுக்கு வடகாடு, பாச்சலூர் வழியே ஏறுங்களேன்! பரப்பலாறு அணையைக் கடந்து மேலே போகப் போக வெயில் மறந்துபோகும். காப்பித் தோட்டத்து நிழல் வரவேற்கும்.

தாண்டிக்குடியில் அவசியம் இறங்குங்கள். பெரிய கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பலகையை மூடிய சின்னஞ்சிறு 'வீடு'களைக் காணலாம். இவை குடியிருக்க அல்ல. பெருங்கற்கால மக்கள் தம் இறந்தவர்களுக்கு எழுப்பிய கல்திட்டைகள்!

அதற்கப்புறம் கொடைக்கானல். 1863-ல் லெவிஞ்ச் துரை உருவாக்கிய ஏரியும், 1899-ல் தொடங்கிய சூரிய ஆராய்ச்சி நிலையமும் அங்கே உண்டு. வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். மறந்துவிட்டுப் பாதி மலையில் விழிக்காதீர்கள்!

ஒரு வேண்டுகோள். கல்திட்டைகளின்மேல் குழந்தைகளை ஏற்றிப் படம் எடுக்காதீர்கள். பல ஏற்கெனவே சரிந்துவிட்டன. 2018-ல் பூத்த குறிஞ்சி 2030-ல் மறுபடி பூக்கும். சரிந்த கல்லை யார் நிமிர்த்துவது?