ஒன்பது அடி நரம்புல என்ன இருக்கு? ஃபிளை ஃபிஷிங் லீடர் வாங்கறதுக்கு முன்னாடி

போன எபிசோடுல ஃபிளை ராடு பத்திப் பேசினோம். அதுக்கப்புறம் அதிகமா வந்த கேள்வி இதுதான்: "கடையில இத்தனை வகை லீடர் தொங்குது, எதை எடுக்கறது?"

முதல்ல லீடர் எதுக்குன்னு பார்த்துடலாம். ஃபிளை ஃபிஷிங்ல நாம வீசுற எடை அந்தப் பொய்ப் பூச்சியில இல்ல, லைன்ல இருக்கு. அதனால லைன் தடியா, பளிச்சுன்னு கலரா இருக்கும். அதுலயே பூச்சியைக் கட்டினா மீன் மிரண்டு ஓடிடும். நடுவுல மெல்லிசா ஒரு நரம்பு வேணும், அதுதான் லீடர்.

சாதாரணத் தூண்டில் நரம்பையே ஒன்பது அடி வெட்டிக் கட்டிக்கலாமேன்னு தோணும். நானும் அதைத்தான் செஞ்சேன். வீசுற ஒவ்வொரு தடவையும் நரம்பு கொத்தா சுருண்டு லைன் நுனியிலேயே விழுந்துது. ஒரு சாட்டையை நினைச்சுப் பாருங்க. பிடி பக்கம் தடி, போகப் போக மெலிசு. அப்படி இருந்தாத்தான் கையில கிளம்புற விசை நுனிவரைக்கும் போகும். லீடரும் அப்படித்தான்; அந்தச் சரிவுக்கு டேப்பர்னு பேர்.

மெலிசான நுனிப் பகுதி டிப்பெட். பாக்கெட்ல 4எக்ஸ், 5எக்ஸ்னு போட்டிருக்கறது அதோட தடிமன். 11-ல இருந்து அந்த எண்ணைக் கழிங்க, அங்குலத்துல ஆயிரத்துல எத்தனை பங்குன்னு வந்துடும். 5எக்ஸ்னா ஆயிரத்துல 6 பங்கு, அதாவது சுமார் 0.15 மில்லிமீட்டர். எண் ஏற ஏற நரம்பு மெலியும். பூச்சியோட சைஸை மூணால வகுத்தா எந்த எக்ஸ்னு தோராயமா கிடைக்கும்: 16-ம் நம்பர் பூச்சிக்கு 5எக்ஸ்.

இதுல தப்பு பண்ணினா நஷ்டம் நமக்கு மட்டும் இல்ல. ரொம்ப மெலிசா எடுத்தா நரம்பு அறுந்து, முள்ளு மீனோட வாயிலேயே போயிடும். அறுந்துடுமோன்னு பயந்து ரொம்ப நேரம் மெதுவா இழுத்தாலும் மீன் களைச்சுப் போயிடும், திரும்பத் தண்ணியில விட்டாலும் பிழைக்காம போகலாம்.

அடுத்து நைலானா, ஃபுளோரோகார்பனா? தண்ணி மேல மிதக்கற பூச்சிக்கு நைலான். விலையும் குறைவு, முடிச்சும் நல்லா உட்காரும். ஃபுளோரோகார்பன் நைலானை விட கனம், சீக்கிரம் மூழ்கும். தண்ணிக்குள்ள கொஞ்சம் கம்மியாத் தெரியும், பாறையில உரசினாலும் தாங்கும். அதனால அடியில ஓட்டற பூச்சிக்கு நல்லது. ஆனா ஆத்துல அறுந்து கிடந்தா வருஷக்கணக்கா மக்காது. வெட்டின துண்டைப் பாக்கெட்ல போட்டு வீட்டுக்குக் கொண்டு வாங்க, ப்ளீஸ்.

நீளத்துக்கு, சாதாரண ஓடைன்னா 9 அடி போதும். அசையாத தெளிஞ்ச தண்ணியில 12 அடி வரைக்கும் போகலாம். கனமான பெரிய பூச்சிக்கு ஏழரை அடி. மூழ்குற லைன் வெச்சிருந்தா நாலஞ்சு அடிக்கு மேல வேண்டாம். லைன் கீழ போனாலும் பூச்சி மேலயே நிக்கும்.

துண்டு துண்டா முடிச்சுப் போட்டுக் கட்டின லீடரும் உண்டு. தன் கையாலேயே கட்டிக்கறவங்களுக்கு அது பிடிக்கும். பாசி இருக்கற இடத்துல ஒவ்வொரு முடிச்சுலயும் குப்பை மாட்டும். ஆரம்பத்துல முடிச்சில்லாததே எடுங்க.

என்கிட்ட கேட்டா, 9 அடி 5எக்ஸ் நைலான் லீடர் ஒண்ணு, 5எக்ஸ் டிப்பெட் ஸ்பூல் ஒண்ணு, அவ்வளவுதான். பூச்சி மாத்துற ஒவ்வொரு தடவையும் நுனியில கொஞ்சம் வெட்டுப்படும். ஒரு நாள் முடியறதுக்குள்ள மெலிசான பகுதியே காணாமப் போயிருக்கும். அப்போ லீடரைத் தூக்கிப் போடாம, ஸ்பூல்ல இருந்து ரெண்டு அடி வெட்டி சர்ஜன் முடிச்சுல சேர்த்துடுங்க. இறுக்கறதுக்கு முன்னாடி முடிச்சை எச்சிலால நனைக்க மறந்துடாதீங்க. காஞ்ச முடிச்சு சூடாகி அங்கேயே அறுந்துடும்.