அபராதம் கட்ட இயலாதவனுக்குச் சிறைதானா?

பெங்களூரின் ஈஜிபுரா சிக்னலில் உணவு டெலிவரி செய்யும் இளைஞன் ஒருவனுடைய ஸ்கூட்டரைப் போக்குவரத்துக் காவலர் நிறுத்திக் கைக்கருவியில் வண்டி எண்ணைத் தட்டினால், ஹெல்மெட் அணியாததற்கொன்று, சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கொன்று என அவன் மறந்தேபோன அபராதங்கள் யாவும் வரிசையாக வந்து நிற்கும். இவ்விதம் மலைபோல் குவிந்துவிட்ட பாக்கிக்கு, 2023 பிப்ரவரியில் கர்நாடக அரசு பாதித் தொகையைத் தள்ளுபடி செய்தபோது, பெங்களூரில் மட்டும் 9 நாட்களில் 100 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாயிற்று. சுமை தாங்கத்தக்கதாயிருந்தால் ஜனங்கள் தாமாகவே வந்து கட்டுவார்கள் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டுவதில்லை.

குற்றவியல் நியாயஸ்தலத்தில் விதிக்கப்படும் அபராதத்துக்கோ இத்தகைய சலுகை கிடையாது. கட்டத் தவறினால் சொத்தை ஜப்தி செய்யலாம், சிறைக்கும் அனுப்பலாம். அபராதம் மட்டுமே சிட்சையான குற்றத்திலும், தொகை 5,000 ரூபாய்க்குள் இருந்தால் இரண்டு மாதம் வரையிலும், 10,000 ரூபாய்க்குள் இருந்தால் நான்கு மாதம் வரையிலும், அதற்கு மேற்பட்டால் ஓராண்டு வரையிலும் சிறைவாசம் விதிக்க, நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 8ஆம் பிரிவு இடமளிக்கிறது. வசதியுள்ளவன் அன்று மாலையே வீடு திரும்ப, அதே குற்றத்தைச் செய்த ஏழை பரப்பன அக்ரஹாரா சிறைக்குப் போவதை நீதி என்று எவ்வாறு சொல்வது? சாந்திலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007இல், இவ்வகைச் சிறைவாசம் குற்றத்துக்குரிய தண்டனையன்று, பணம் கட்டாமையின் விளைவே என்று விளக்கி, ஒரு லட்ச ரூபாய் கட்டாததற்காக விதிக்கப்பட்ட மூன்றாண்டுகளை ஆறு மாதமாகக் குறைத்தது.

பரிகாரம் சட்டத்திலேயே இருக்கிறது. அபராதம் மட்டும் விதிக்கப்பட்டவனுக்கு, பிணைப்பத்திரம் பெற்றுக்கொண்டு, 30 நாள் அவகாசமோ இரண்டு மூன்று தவணைகளோ நீதிமன்றம் அளிக்கலாம். சிறையிலிருக்கும்போது ஒரு பகுதியைக் கட்டினாலும் அந்த விகிதத்துக்குச் சிறைக்காலம் குறையும். ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசின் 2023ஆம் ஆண்டுத் திட்டம் 25,000 ரூபாய் வரை அபராதத்தைத் தானே செலுத்தவும் வழி வகுத்தது. ஆயினும் இவையெல்லாம் கேட்பவனுக்கே கிட்டுவன. கேட்கலாமென்று அவனுக்கு யார் சொன்னார்கள்? பின்லாந்து 1921 முதலே, குற்றவாளியின் தினசரி வருமானத்தை அளவாகக் கொண்டு அபராதத்தை நிர்ணயித்து வருகிறது. நம் நியாயாதிபதிகளும் தொகையைக் குறிக்குமுன் வருமானத்தை விசாரித்து, தவணையுரிமையை அவனுக்குப் புரியும் பாஷையில், கன்னடமோ தமிழோ, எடுத்துரைப்பதைக் கட்டாய விதியாக்கவேண்டும்.

அதுவரையில், உங்கள் உறவினரோ அண்டை வீட்டாரோ அபராதம் கட்ட முடியாமல் சிறையிலிருந்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். காவலில் இருப்பவர் எவராயினும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமையுடையவர்.